ஏழாம் படுக்கைக்கு எந்த மருந்து?

1

ட்ர்ர்ரிங்...!

மருந்து கலக்கும் அறையின் சுவர் போன் அலறியது.

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்திருந்தாள். கைகளில் இரட்டை உறை. ஊசி முனையில் ஒரு துளி.

போன் விடுவதாக இல்லை.

கையுறைகளை உரித்து எறிந்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"பார்மசி..."

"ஏழுக்கு எது போகுது?"

பெரிய டாக்டரம்மாவின் குரல். எப்போதும் இஸ்திரி போட்டது போல இருக்கும் குரல், இன்று கசங்கியிருந்தது.

"மேடம்?"

"ஏழாம் படுக்கை! ஜுரம் எகிறுது, பிரஷர் பாதாளத்துக்குப் போயிடுச்சு. அவருக்குப் பழசா, புதுசா? கம்ப்யூட்டர்ல பூட்டைத் திறந்து பாக்க நேரமில்ல. உனக்குத் தெரியும்ல? சொல்லு!"

அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டரில் இருக்கும் பதில் ஒன்று.

அவளுக்கு மட்டும் தெரிந்த பதில் வேறு!

"ஏய்... லைன்ல இருக்கியா, செத்துட்டியா?"

"பழசு, மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா... பழசுதான்."

"அப்போ இது கிருமி பண்ற வேலை. புதுசோட முறிவு மருந்தை இப்ப குடுத்தா ஆள் காலி. கிருமிக்கே அடிக்கறேன்!"

டக்.

அவள் சுவரில் சாய்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொல்லிவிட்டாள். நாளைக்கே யாராவது கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் அவள் கதை கந்தல். வேலை போகும். கைவிலங்குகூட வரலாம். தெரிந்துதான் சொன்னாள். பொய் சொன்னால் அந்த மனிதருக்குத் தப்பான வைத்தியம் நடக்கும்.

'ஒரு தப்புதான் பண்ணேன். இன்னொண்ணு பண்ணல...'

அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புதுக் கையுறை மாட்டினாள். ஒரு மணி நேரம் போனது.

ட்ர்ர்ரிங்...!

"முடிஞ்சுது." டாக்டரம்மாவின் குரலில் இப்போது அவசரமே இல்லை. "ஏழு போயிட்டார். கீழ அவரோட வேலை பார்த்தவங்க எல்லாம் கூடிட்டாங்க. எலிக்குக் குடுத்துப் பாக்கற மாதிரி குடுத்துக் கொன்னுட்டோமாம். போலீஸ் வந்தாச்சு. மேல வா."

"மே... மேடம்..."

"எதையும் தொடாம வா."

டக்.

ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. 

ட்ர்ர்ரிங்...!

மூன்றாவது முறை.

"பார்மசி..."

எதிர்முனையில் மூச்சு மட்டும்.

"ஹலோ? யாரு?"

கிசுகிசுப்பாக ஒரு பெண் குரல். அழுதழுது வறண்ட குரல்.

"ஏன்டி... ஏன்டி பழசுன்னு சொன்னே?"

"யா... யாரு நீங்க?"

"நீதான்டி கொன்னே!"

டக்.

2

யாருக்கோ தெரிந்துவிட்டது!

படி ஏறும்போது அவள் கைப்பிடியை விடவே இல்லை.

அவள் செய்தது இதுதான்.

அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நிணநீர்ப் புற்றுநோய். லிம்ஃபோமா என்பார்கள். ஒரு முறை வைத்தியம் பார்த்து, விரட்டி, அது வந்த வழியே திரும்பி வந்துவிட்டவர்களுக்கு அடுத்து என்ன கொடுப்பது? பல வருடங்களாகக் கொடுத்துவரும் பழைய மருந்தா? இப்போது வந்திருக்கும் புது மருந்தா?

தெரியாது. அதனால்தான் ஆராய்ச்சி.

யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்யமாட்டார். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். விழுந்த சீட்டு நோயாளிக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. நர்ஸுக்குத் தெரியாது. கலக்கும் மருந்தாளர் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அந்த ஒருத்தி, அவள்.

புது மருந்து லேசான மஞ்சள். பழையது தண்ணீர் போல. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு டிரிப்ஸ் பையையும் கறுப்பு உறையில் போட்டு, உள்ளே பையிலும் வெளியே உறையிலும் படுக்கை எண் ஒட்டி அனுப்புவாள். வார்டில் உறையைப் பிரிக்கக் கூடாது. சட்டம்.

பேச்சு குறைவு. தலை நிமிர்வதும் குறைவு. ரகசியம் காக்க இவளை விட்டால் ஆள் கிடையாது என்றுதான் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒருநாள் மூன்றாம் படுக்கைக்கு ஒரு நோயாளி வந்தாள்.

அவளுடைய அக்கா!

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலே மைதானத்தை நிறுத்தக்கூடிய தொண்டை. அந்தத் தொண்டையின் ஓரத்தில்தான் கட்டி. முதல் வைத்தியத்தில் கரைந்தது. திரும்பி வந்தது.

சொந்தக்காரர் யாராவது ஆராய்ச்சியில் இருந்தால் மருந்தாளர் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும். அவள் சொல்லவில்லை. "நாம அக்கா தங்கச்சின்னு இங்க யார்கிட்டயும் சொல்லாதே. என் டூட்டியை மாத்திடுவாங்க" என்று அக்காவின் வாயையும் கட்டிவிட்டாள்.

சீட்டு விழுந்தது.

அக்காவுக்குப் பழசு.

அதே நாளில் சேர்ந்த ஏழாம் படுக்கைக்குப் புதுசு.

புதுசுதான் நல்லது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் லிஃப்டில், காபி மெஷின் பக்கத்தில், எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். புதுசுக்கு ஒரு மினுமினுப்பு இருந்தது. பழசுக்கு ஏற்கனவே செத்தவர்களின் வாசனை.

குப்பிகளை எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். அக்காவுக்குப் புதுசு வேண்டுமென்றால் அதை யாரிடமிருந்தாவதுதான் எடுக்க முடியும்.

எடுத்தாள்.

மூன்று என்று எழுதிய பையில் மஞ்சளை நிரப்பினாள். ஏழு என்று எழுதிய பையில் தண்ணீர் நிறத்தை நிரப்பினாள். ஒவ்வொரு தடவையும்.

ஏழாம் படுக்கைக்காரர் கிரேன் ஓட்டுபவர். வார்டில் எல்லாரும் 'கிரேன்' என்றே கூப்பிட்டார்கள். ஒருமுறை தள்ளுநாற்காலியில் போகும்போது பார்மசி ஜன்னலில் தட்டினார்.

"நீங்கதான் எனக்குச் சமைக்கறவங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"உப்பு கம்மியா போடுங்க தாயி. பிரஷர் இருக்கு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் அவருடைய தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அவருடைய மருந்தை எடுத்து அக்காவுக்குக் கலந்தாள்!

3

வார்டில் ஏழாம் படுக்கையைச் சுற்றித் திரை.

மூன்றாம் படுக்கையில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"பூனை! இங்க வாடீ."

பூனை, வீட்டில் அவளுடைய செல்லப் பெயர். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா... மெதுவா..."

"என்ன மெதுவா? கிரேன் போயிட்டாருடீ! காலையில சீட்டாட்டத்துல என்னை ஏமாத்திட்டு, 'சாயங்காலம் பழி வாங்கிக்கோ டீச்சரம்மா'ன்னார். மனுஷன் அதுக்குக்கூட நிக்கல."

அக்காவின் கழுத்தில் கட்டி இருந்த இடம் இப்போது வெறும் தோல் சுருக்கம். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவள் இன்றைக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் என்ன பேசிக்கறாங்க தெரியுமா? அவருக்குப் பழசு விழுந்திருக்குமாம். எனக்குப் புதுசு விழுந்திருக்குமாம். அதான் நான் குத்துக்கல் மாதிரி உக்காந்திருக்கேனாம்." அக்கா மீண்டும் மூக்கைச் சிந்தினாள். "கேக்கவே அசிங்கமா இருக்குடீ. ஏதோ நான் அவரோட தட்டுல இருந்து பிடுங்கித் தின்ன மாதிரி..."

"அக்கா, போதும்!"

"உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பயப்படாதே. அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரிதான். என்கிட்டயும் வந்து கேட்டார். நான் பெருமையா சொல்லிட்டேன். 'மருந்து கலக்கறது என் கூடப்பொறந்த தங்கச்சி சார், கையில ஒரு பிசகு வராது'ன்னு."



"சொல்லிட்டியா?"

"இந்த நேரத்துலகூட உனக்காகப் பேசலன்னா நான் என்ன அக்கா?"

4

டாக்டரம்மாவின் அறை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். மூக்கடைப்பு. பேச்சுக்குப் பேச்சு ஒரு உறிஞ்சல். கதவோரத்தில் நர்ஸ், ஏதோ ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"இப்பதான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஏழுக்கு விழுந்தது புதுசு. நீ என்கிட்ட பழசுன்னு சொன்னே. ஏன்?"

சொல்லிவிடலாம். சொல்லித்தான் ஆகவேண்டும். வாயைத் திறந்தாள்.

"இருங்க, இருங்க..." இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். "உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. முதல்ல இதைப் பாருங்கம்மா."

மேஜைமேல் ஒரு டிரிப்ஸ் பையைப் போட்டார். உறை இல்லாமல். அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம்.

மஞ்சள்!

"இது... இது எங்க இருந்துது?"

"செத்தவரோட ஸ்டாண்டுல. நான்தான் கழட்டினேன்."

டாக்டரம்மா பாதி எழுந்தார். "உறைமேல பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்!"

"'பிரிக்காதே'ன்னு எழுதி வெச்சா போலீஸ்காரன் வேற என்னம்மா பண்ணுவான்?"

அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல... இருக்க முடியாது... நான் ஏழுக்கு மஞ்சள் போடவே இல்ல!"



டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினார். "என்ன சொன்னே?"

"உறைமேல ஏழுன்னுதான் இருந்துது." இன்ஸ்பெக்டர் உறிஞ்சினார். "உள்ள பைமேல என்ன ஒட்டியிருக்கு, படிங்க."

குனிந்து பார்த்தாள். அவளே எழுதிய எழுத்து.

மூன்று!

"மூணாம் படுக்கை உங்க அக்கா. ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் சொல்லல நீங்க. அக்காவுக்குன்னு ஒரு பை கலக்கறீங்க. அது கை மாறி இன்னொருத்தருக்கு ஏறுது. அவர் செத்துப் போறார்." நாற்காலி முனகியது. அவர் முன்னால் சாய்ந்திருந்தார். "அக்காவுக்கு வெச்ச குறி, பாவம், கிரேன் மேல விழுந்துடுச்சா?"

"இல்ல!"

அவள் கத்தினாள். அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. வெளியே யாரோ நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"அக்காவைக் கொல்ல இல்ல சார்... காப்பாத்த! அக்காவுக்குப் பழசு விழுந்துது. அவருக்குப் புதுசு. நான் மாத்திட்டேன். மூணோட பையில புதுசு, ஏழோட பையில பழசு. முதல் தடவையிலேர்ந்தே! அவர்கிட்டேர்ந்து திருடினேன் சார்... அதனாலதான் மேடம் கேட்டப்ப பழசுன்னு சொன்னேன். அவருக்கு நான் குடுத்தது அதுதான்!"

டாக்டரம்மா நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"உன்னைப் போய்... வாயில்லாப் பூச்சின்னு..."

"அரெஸ்ட் பண்ணுங்க சார்."

"பண்றேன், பண்றேன். எங்க போயிடப் போறேன்?" இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கி ஆட்டினார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நீங்க மாத்தினது மருந்தை. மூணுன்னு எழுதின பை எப்படி ஏழோட உறைக்குள்ள போச்சு?"

"தெரியல சார். நான் சரியாதான் போட்டு அனுப்பினேன்."

"அப்போ வழியில யாரோ..."

டமால்!

ட்ரே தரையில் விழுந்து உருண்டது.

கதவோரத்தில் நர்ஸ். அவளுடைய விரல் மருந்தாளரை நோக்கி நீண்டது.

"ஏன்டி... ஏன்டி பழசுன்னு சொன்னே?"

அதே குரல்!

"நீங்களா? போன்ல..."

"நான்தான்! பையை மாத்தினதும் நான்தான்! மருந்துப் பெட்டி வார்டுக்கு வந்ததும் மருந்து ரூம் கதவைச் சாத்திட்டு, மூணு, ஏழு ரெண்டோட பையையும் உருவி உறை மாத்திப் போடுவேன். ஒவ்வொரு தடவையும்!"

"ஏன்?" டாக்டரம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "உறைக்குள்ள என்ன இருக்குன்னே உனக்குத் தெரியாதே!"

"தெரியாது மேடம். தெரியணும்னு என்ன இருக்கு?" நர்ஸ் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "இவளுக்கும் மூணுக்கும் ஒரே மூக்கு. ஒரே காது. சாப்பாட்டு நேரத்துல திருட்டுத்தனமா வந்து அந்தம்மாவுக்கு நகம் வெட்டி விடறா. கூடப்பொறந்தவன்னு பாத்தவுடனே புரிஞ்சுது. சொந்த அக்காவுக்கு எவளாவது மட்டமானதைக் கலப்பாளா? எது நல்லதோ அது மூணோட பையிலதான் இருக்கும். அதை எடுத்து அவனுக்குப் போட்டேன்!"

"எவனுக்கு?" இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். "கிரேனுக்கா? அவர் உங்களுக்கு யாரு?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும்மா?"

"புருஷன்..." விரல்களுக்கு நடுவிலிருந்து வார்த்தை கசிந்தது. "புருஷனா இருந்தவன். கோர்ட்டுல எழுதிக் குடுத்துப் பிரிஞ்சாச்சு. இங்க வந்து படுப்பான்னு யார் கண்டா?"

"பிரிஞ்சு போன புருஷன். கைக்கு எட்டின தூரத்துல டிரிப்ஸ். கொலைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்காதே..."

"கொல்லணும்னா கல்யாணம் ஆன புதுசுலயே கொன்னிருப்பேன் சார். அப்போ இன்னும் நிறைய காரணம் இருந்துது."

சொல்லிவிட்டு நர்ஸ் உடைந்து அழுதாள்.

"அவன்கிட்ட சொல்லியும் வெச்சேன். 'நல்ல மருந்து உனக்குத்தான் ஏறுது, திமிரா பேசாம படு'ன்னு. 'நீ குடுத்தா விஷம்கூட நல்ல மருந்துதான்டி'ன்னான், பாவி..."



டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது.

"பொறு... ஏழுக்குப் புதுசுன்னு சீட்டு. இவ மாத்தினா. நீ அதைத் திருப்பி மாத்திட்டே. அப்படின்னா..."

"அப்படின்னா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சீட்டுல என்ன விழுந்துதோ, அதுவேதான் ஏறியிருக்கு. ஏழுக்குப் புதுசு. மூணுக்குப் பழசு. முதல் நாளிலேர்ந்து!"

இன்ஸ்பெக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நீண்ட உறிஞ்சல்.

"ரெண்டு திருடிங்க சேந்து ஒரு ரூல்ஸையும் மீறாம நடத்தியிருக்கீங்க. எங்க ஸ்டேஷன்ல யோக்கியனுங்களே இவ்ளோ ஒழுங்கா இருந்ததில்லம்மா!"



அவள் மெல்லக் கேட்டாள். "மேடம்... அந்த ஜுரம்?"

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"மேடம். அது கிருமி இல்லையா?"

"இல்ல." அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "புது மருந்து சில பேருக்கு உடம்பையே கிளப்பி விடும். உடம்பு தன்னைத்தானே எரிச்சுக்கும். கையெழுத்து வாங்கறப்பவே அவர்கிட்ட அதைச் சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் முறிவு மருந்து வார்டு பிரிட்ஜ்ல இருக்கு. கதவைத் திறந்து கையில எடுத்துட்டேன். அப்பதான் உனக்குப் போன் பண்ணேன்."

"நான்..."

"நீ பழசுன்னு சொன்னே. எடுத்ததைத் திருப்பி வெச்சுட்டேன்."



திருடினாள். மறைத்தாள். பொய்யாகவே நடமாடினாள். அதிலெல்லாம் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு உண்மையைச் சொன்னாள்.

அது ஒரு மனிதரைக் கொன்றுவிட்டது!

கம்ப்யூட்டரில் இருந்ததைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால்... அவரும் பிழைத்திருக்கலாம்.

"நீ மட்டும் இல்ல." நர்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். குரலில் இப்போது கோபம் இல்லை. "நான் பக்கத்துலதான் நின்னேன். மேடம் 'பழசாம், அப்போ கிருமிதான்'னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். அவனுக்கு ஏறினது ஏழோட பை இல்ல. வாயைத் திறந்து சொன்னா மாட்டிப்பேன். வேலை போகும், ஜெயிலு... கொஞ்ச நேரம்தான் யோசிச்சேன். யோசிச்சு முடிச்சுத் திரும்பினா, அவன் கண்ணு என்னையே பாத்துட்டிருந்துது. பாத்துட்டேதான் இருந்துது..."

அவள் போய் நர்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் நகர்ந்து இடம் விட்டாள்.

5

அக்காவைப் பார்க்க இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்தார். "சீக்கிரம் பேசிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன். ஓடினா துரத்தற உடம்பு இல்ல எனக்கு" என்று கதவில் சாய்ந்துகொண்டார்.

டாக்டரம்மா ஏற்கனவே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கட்டிலின் மறுபக்கம் நின்றார்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. ஏழாம் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் ரெக்ஸின்.

"யாரு கேட்டா உன்னை?"

"அக்கா..."

"அவர் தட்டுல இருந்து பிடுங்கி எனக்குப் போடுன்னு நான் கேட்டேனா?"

அவள் தலை குனிந்தாள்.

"சீட்டாட்டத்துல தோத்தா, ஜெயிச்சதைத் திருப்பித் தருவியான்னு கேப்பார். நான் தரமாட்டேன்னு சொல்லுவேன். அவரோட உயிரையே இங்க மடியில வெச்சுட்டிருக்கேன்னு தெரியாமலே நான் சிரிச்சிட்டு இருந்திருக்கேன். அப்படித்தானே நீ நினைச்சே? அப்படித்தானே என்னைத் தினமும் பாத்தே?"

"ஆமாக்கா."

அக்கா விசும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர், நீங்க சொன்னது நிஜமா? எனக்கு ஏறினது பழசுதானா?"

"பழசுதான்."

"இந்தக் கட்டி கரைஞ்சது..."

"பழசுலதான். ரெண்டாவது தடவை நோய் வந்தவங்க எல்லாருக்கும் இப்படிக் கேக்காது. உங்களுக்குக் கேக்குது. இதுவரைக்கும்."

"அப்போ புதுசு மட்டம். பழசுதான் ஒசத்தி?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பக்கத்து வார்டுல புதுசுல எழுந்து நடக்கறவங்களும் இருக்கலாம். எனக்கே தெரியாது. ஒருத்தர் போய், ஒருத்தர் பிழைச்சா அது பதில் ஆகாது. பதில் தெரிஞ்ச மாதிரி எல்லாரும் நடந்துக்கிட்டதுதான் இங்க நடந்த கொலை." டாக்டரம்மா நிறுத்தினார். "என்னையும் சேத்துதான் சொல்றேன். நானும் பூட்டைத் திறந்து பாத்திருக்கணும்."

அவர் நகர்ந்து போனார்.

அக்கா இப்போதுதான் திரும்பினாள். நேருக்கு நேர்.

"பூனை. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த நர்ஸம்மா பையை மாத்தாம விட்டிருந்தா... நீ நினைச்சபடியே நடந்திருந்தா... எனக்குப் புதுசு ஏறியிருக்கும்."

"ஆமா."

"கிரேனுக்குப் பழசு."

"ஆமா."

"எனக்கு ஜுரம் எகிறியிருந்தா, மூணுக்கு எதுன்னு உன்னைத்தான் கேட்டிருப்பாங்க. என்ன சொல்லியிருப்பே?"

 

புதுசு என்று சொல்லியிருப்பாள். கட்டாயம் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஒரு கணம்... மாட்டிக்கொள்வோமே என்று நாக்கு ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு கணம்... நர்ஸ் யோசித்த அதே கணம்...

"தெரியலக்கா."

அழுகை அப்போதுதான் வந்தது. குனிந்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

அக்காவின் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது. தடவலா, அடியா என்று சொல்ல முடியாத ஒரு விழல்.

"போ. போய் நடந்ததை ஒண்ணு விடாம எழுதிக் குடு. அந்த நர்ஸம்மாவுக்கும் சேத்து நானே வக்கீல் பாக்கறேன். அவ திருடலன்னா உன் பாசம் எனக்குள்ள ஏறியிருக்கும்."

"சரிக்கா."

"ஜெயிலோ, ஜாமீனோ... திரும்பி வந்தப்புறம் எப்பவாவது என்னைக் காப்பாத்தணும்னு உனக்குத் தோணிச்சுன்னா..."

"சொல்லுக்கா."

"ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிடுடீ... நான் தப்பிச்சு ஓடிடறேன்!"